தலைக்கு மேலே ஒரு தச்சன் பரம்பரை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்தில் ஏறினால், ஊர் வருவதற்குச் சற்று முன்னால் திருப்புலிவனம் என்று ஒரு நிறுத்தம். புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர் வழிபட்ட தலம் என்பது நம்பிக்கை. சுவாமிக்கு வியாக்ரபுரீஸ்வரர் என்று பெயர். ஊர்ப் பெயரில் புலியும் உண்டு, வனமும் உண்டு. இன்று கண்ணில் படுவது ஏரியும் நெல் வயலும்தான்!

அடுத்த ஊரான உத்திரமேரூரை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பாடத்தில் குடவோலை முறை என்று படித்து மதிப்பெண் வாங்கியிருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஆனால் இந்தக் கட்டுரை தேர்தலைப் பற்றியது அல்ல; கூரையைப் பற்றியது.

ஊர்ப் பெயரில் இருக்கும் 'உத்திரம்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளலாம். வீட்டுக் கூரையைத் தாங்கும் பெரிய கட்டைக்கும் உத்திரம் என்றுதான் பெயர். ஊர்ப் பெயர் உத்தரமேரு என்பதிலிருந்து வந்தது, வடக்கு மேரு. அதற்கும் கட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மயமதம் போன்ற சிற்ப நூல்களில் தூணுக்கு மேலே கிடக்கும் விட்டத்துக்கு 'உத்தரம்' என்றே பெயர். உத்தரம் என்றால் மேலே இருப்பது. வரைபடத்தில் மேலே இருந்தால் வடக்கு, தலைக்கு மேலே இருந்தால் விட்டம்! இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை.

இன்னொரு வேடிக்கை. உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயில் பல்லவர் காலத்தது, மூன்று அடுக்கு விமானம். அதைக் கட்டியவர் என்று பரமேஸ்வரப் பெருந்தச்சன் என்ற பெயர் சொல்லப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவரின் பெயரோ கல்வெட்டிலேயே இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். அத்தனை கல்லையும் அடுக்கியவருக்கு ஏன் தச்சன் என்று பட்டம்? தச்சன் என்றால் மரவேலை செய்பவன் அல்லவா?

பதில் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் கோயில் எடுப்பித்தேன் என்று அதில் பெருமையாக எழுதி வைத்தான். ஒருவன் "இதெல்லாம் இல்லாமல் கட்டினேன்" என்று பெருமைப்படுகிறான் என்றால் என்ன அர்த்தம்? அதுவரை எல்லோரும் இதையெல்லாம் வைத்துத்தான் கட்டினார்கள் என்று அர்த்தம். கல்லுக்கு முன்னால் மரம்தான் கோயில். அதனால் கட்டியவன் தச்சன். வேலை கல்லுக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. கல்லில் வேலை செய்பவனைக் கல்தச்சன் என்று சொல்லிக் கொண்டார்கள்.

பெயர் மட்டுமல்ல, வடிவமும் மாறவில்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் ஓலைக் குடிசை மாதிரியே இருக்கிறது. பீம ரதத்தின் கூரை வண்டிக் கூண்டு போல வளைந்திருக்கிறது. பாறைக்கு அப்படி வளைய வேண்டிய தேவையே இல்லை. மரச்சட்டமும் மூங்கிலும்தான் அப்படி வளையும். இதன் உச்சகட்டம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். அங்கே கூரை விளிம்பாக வளைந்து இறங்கும் கொடுங்கையில் கைமரம், குறுக்குச் சட்டம், அவற்றைப் பிணைக்கும் ஆணி வரை கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய நாளில் ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். ஒப்பந்தச் சட்டத்தில் இன்றைக்கு விதிவிலக்குப் பிரிவு என்று படிப்பதற்கு நம்மூர் முன்னோடி! கல்லில் ஆணிக்கு ஒரு வேலையும் கிடையாது. மரக்கூரையின் நினைவு அந்த விரல்களை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

மரக்கூரை அப்படியே நின்ற இடமும் உண்டு. அதே வியாக்ரபாதர் கதையைப் பின்தொடர்ந்தால் சிதம்பரத்துக்குப் போய்ச் சேரலாம். பெரும்பற்றப்புலியூர் என்பது சிதம்பரத்தின் பழைய பெயர். சுற்றிலும் எத்தனையோ கல் மண்டபங்கள், கோபுரங்கள் வந்த பிறகும் நடராஜர் ஆடும் சிற்சபை மட்டும் மரத்தால் ஆனது. அதன் மேல் பொற்கூரை. உத்திரமேரூரில் கல்வெட்டு வெட்டிய அதே பராந்தகன்தான் புலியூர்ச் சபைக்குப் பொன் வேய்ந்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பொன் ஓடு 21,600, மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக் கணக்கு. ஆணி 72,000, உடம்பின் நாடிக் கணக்கு. கைமரம் 64, கலைகளின் கணக்கு என்று மரபில் சொல்வார்கள். தத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும். தச்சுக் கண்ணோடு பார்த்தால், ஒரு கூரையின் உறுப்புகளை எண்ணி எண்ணி மனப்பாடமாக வைத்திருந்த ஒரு தொழில்கூட்டத்தின் கணக்குப் புத்தகம் மாதிரியும் அது இருக்கிறது.

இந்தக் கணக்கு எழுதி வைக்கப்பட்டதைவிட வீட்டுக்குள் வாய்வழியாகப் போனதுதான் அதிகம். தச்சர், கொல்லர், கல்தச்சர், தட்டார், கன்னார் என்ற ஐந்து தொழிலாரும் கம்மாளர். ஊரில் வேலை செய்யும் தச்சனுக்குக் கூலிக்குப் பதிலாக நிலம் கொடுத்தார்கள். தச்சக்காணி என்று பெயர். நிலம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், கூடவே வேலையும் போகும். பையன் ஐந்தாறு வயதில் வாய்ச்சியும் கொட்டாப்புளியும் எடுத்துக் கொடுக்கிற ஆளாகச் சேர்வான், பிறகு இழைப்புளி பிடிப்பான், நூல் போடுவான். கடைசியாகத்தான் கோல். 24 விரல் ஒரு கோல் என்பது தச்சு அளவு, கேரளத்துக் கணக்கில் சுமார் 72 சென்டிமீட்டர். கோல் கைக்கு வந்தவன் ஆசாரி, அதுவரை எடுபிடி.

இந்தப் பரம்பரைக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. கரூரில் கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் வெட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொங்கு நாட்டின் ஒரு பகுதிக் கம்மாளர்களுக்கு அரசன் சில உரிமைகளைத் தருகிறான். நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது செருப்பு போட்டுக் கொள்ளலாம். தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக் கொள்ளலாம்.

கடைசி வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லா வீட்டையும் கட்டிக் கொடுத்தவன் தன் வீட்டுச் சுவரைப் பூச அரச ஆணை தேவைப்பட்டிருக்கிறது! அடுத்தவன் தலைக்கு மேலே தேக்கில் பூ செதுக்கியவன், தன் வீட்டில் மண்சுவருக்குள் படுத்திருக்கிறான். குலத்தொழிலின் மகிமை என்று பேசுபவர்கள் இந்தக் கல்வெட்டையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

கேரளத்துப் பெருந்தச்சன் கதையும் இதே மாதிரி நெஞ்சில் குத்தும் கதைதான். அப்பனை மிஞ்சிவிட்டான் மகன். ஊரெல்லாம் மகனைப் புகழ்கிறது. கோயில் வேலையில் மேலே அப்பன், கீழே மகன். அப்பன் கையிலிருந்து உளி நழுவி மகன் கழுத்தில் விழுந்தது. நழுவியதா, நழுவ விட்டானா என்பதுதான் இன்றுவரை கேள்வி. பரம்பரை என்பது அன்போடு கைமாறும் ஒன்று என்று மட்டும் நினைத்துக் கொள்ளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது.

சரி, மரக் கூரையை அதன் முழு அழகோடு பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது? தமிழ்நாட்டுக்குள்ளேயே, தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. (தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, ஆனால் பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் அவர்கள் வசமே நின்றுவிட்டது.) சுமார் 1601ல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டினார், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா விரிவாக்கினார். 1795ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. அதனால் ஒரு நன்மை: புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று யாரும் கையை வைக்கவில்லை.

நுழைந்ததும் பூமுகம். எல்லோரும் கீழே கிடக்கும் கருங்கல் கட்டிலையும் தொங்கும் குதிரைவீரன் விளக்கையும் பார்த்துவிட்டு நகர்வார்கள். கொஞ்சம் கழுத்தை நிமிர்த்த வேண்டும். மேல்தட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக மரச்சட்டம், கட்டங்களில் பூக்கள், மொத்தம் 90 வகை. ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒரே அச்சில் தொண்ணூறு அடித்துத் தள்ளியிருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்!

இந்தக் கட்டங்கள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. மரம் செத்த பிறகும் மூச்சு விடும் பொருள். மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து அகலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளத்தில் அசைவு மிகக் குறைவு, அகலத்தில்தான் எல்லாம். பெரிய பலகையை நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினால் முதல் கோடையிலேயே நடுவில் பிளந்துவிடும். அதற்குத் தச்சர்கள் கண்ட வழிதான் சட்டமும் பலகையும். கனமான சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக, துளையும் கழுந்துமாகப் பூட்டுவது. சட்டத்தின் உள்விளிம்பில் பள்ளம் எடுப்பது. மெல்லிய பலகையின் ஓரத்தை நாக்காகச் சீவி அந்தப் பள்ளத்தில் செருகி, ஒட்டாமல், ஆணி அடிக்காமல் விட்டுவிடுவது. பலகை தன் பாட்டுக்கு உப்பிக் கொள்ளும், சுருங்கிக் கொள்ளும், சட்டம் அசையாது. கீழே நிற்பவனுக்கு எதுவும் தெரியாது.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? அதுதான் பரம்பரை அறிவு. எந்த மாதத்தில் வெட்டிய மரம், எத்தனை வருடம் உலர்ந்தது, எந்த மாதத்தில் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். மழைக்காலத்தில் பொருத்தினால் நெருக்கமாக வைக்கலாம், ஏற்கெனவே உப்பியிருக்கிறது. கோடையில் அப்படி வைத்தால் மழையில் உப்பி, சட்டத்தையே தள்ளிவிடும். கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துச் சொல்லும் விஷயத்தைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது?

இன்னொரு பயனும் உண்டு. மேலே ஓட்டுக்கூரை, கீழே மரமச்சு, நடுவில் காற்று. ஓட்டில் இறங்கும் சூடு அந்த இடைவெளியிலேயே தங்கி, ஓட்டுச் சந்து வழியாக வெளியேறிவிடும். பத்மநாபபுரத்தில் சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளு என்று இருப்பதன் ரகசியத்தில் இதற்கும் பங்கு உண்டு.

அரண்மனையில் செய்ததைச் செட்டிநாட்டில் வீட்டில் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று ஊர் ஊராக எழுந்த நகரத்தார் வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். முகப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் பர்மாத் தேக்கு. ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் மேல்தட்டுக்கு வண்ணமும் தீட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தேக்கு எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கதை. வணிகவியல் புத்தகத்தில் வர வேண்டிய கதை. 1852ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி. காட்டை அழித்து வயலாக்கப் பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கி அவனுக்குத் தராது. அந்த இடத்தில் நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். 1930ஐ ஒட்டிய ஒரு விசாரணைக் குழுவின் மதிப்பீட்டில் பர்மாவில் அவர்கள் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி!

தேக்கு வியாபாரம் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் போன்ற ஆங்கிலக் கம்பெனிகளின் கையில் இருந்தது. காட்டில் தேக்கை உடனே வெட்ட மாட்டார்கள். அடிமரத்தில் பட்டையைச் சுற்றி வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதுதான் காரணம். காய்ந்த பிறகு வெட்டி, யானை இழுத்து, ஐராவதி ஆற்றில் விட்டு, ரங்கூனில் பிடித்து அறுத்துக் கப்பலேற்றுவார்கள். இந்தக் கம்பெனி கணக்கில் ஏமாற்றியது என்று சொல்லிப் பர்மிய அரசு சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து 1885 நவம்பரில் ஆங்கிலேயர் படையெடுத்து, இரண்டு வாரத்தில் மண்டலேயைப் பிடித்தார்கள். திபா மன்னனை முதலில் சென்னைக்கும், பிறகு ரத்தினகிரிக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு மரத்துக்காக ஒரு ராஜ்ஜியம் போயிற்று என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், முழுப் பொய் அல்ல.

ஆக, முகப்பு மச்சில் இருக்கும் ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு பர்மிய விவசாயியின் வட்டி, ஒரு யானை, ஒரு ஆறு, ஒரு கப்பல் எல்லாம் இருக்கின்றன. அந்த மரத்தைக் கையில் வாங்கிப் பூவாக ஆக்கியது உள்ளூர் ஆசாரிக் குடும்பங்கள். ஒரு வீடு முடிய வருடக்கணக்கில் ஆகும். அப்பன் தொடங்கிய வேலையில் மகன் தொழில் பழகுவான், அடுத்த வீட்டை மகன் முடிப்பான். பரம்பரை தொடர வேண்டும் என்றால் அதற்குத் தொடர்ச்சியாக வேலை கொடுக்கும் பணக்காரர்கள் வேண்டும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பணம் நின்றது. 1930களின் மந்தத்தில் அரிசி விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் செட்டியார்களிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவிகிதமாக இருந்த அவர்கள் நிலம் 1938ல் 25 சதவிகிதமானது. கைக்கு வந்தது பணம் அல்ல, பகை. 1942ல் ஜப்பான்காரன் வந்தான், 1948ல் நிலம் தேசியமயச் சட்டம் வந்தது, 1962க்குப் பிறகு நெ வின் ஆட்சியில் மிச்சமும் போனது. செட்டிநாட்டில் புது மச்சு ஏறுவது நின்றது. ஆசாரி பிள்ளைகள் ஜன்னல் சட்டம் செய்யப் போனார்கள்.

காஞ்சிபுரம், உத்திரமேரூர் பக்கம் இவ்வளவு ஆடம்பரம் கிடையாது. அங்கே வசதியானவர்களின் மாடி வீட்டுக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகச் சுவர் மேல் கிடத்தி, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, சாய்வு வரிசையில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். மேலே தட்டோடு பதித்தால் தளம் தயார். தச்சனும் கொத்தனும் ஒரே கூரையில் சரிபாதி வேலை செய்த கடைசிக் கூரை என்று இதைச் சொல்லலாம். சென்னையில் ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். வெள்ளையடித்து வெள்ளையடித்துக் கட்டையின் நிறமே மறந்து போயிருக்கும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. 12க்கு 12 அடி அறை. ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை வீதம் 8 கட்டை. ஒவ்வொன்றும் 13 அடி நீளம், 3 அங்குல அகலம், 5 அங்குல உயரம். மொத்தம் கிட்டத்தட்ட 11 கன அடித் தேக்கு. இது வெறும் கட்டைக்கு. கீழே ஓர் அங்குலப் பலகையில் மச்சு அடித்தால் இன்னும் 12 கன அடி. அறுப்பிலும் இழைப்பிலும் கழிவது தனி. ஒரு கன அடி தேக்கு ஆயிரக்கணக்கில் விற்கிற காலத்தில் ஓர் அறையின் மேல்தட்டுக்கு ஆகும் செலவை யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துக் கொள்ளலாம். கூலியை அதில் சேர்க்கவே இல்லை.

அதே அறைக்குச் சிமெண்ட் தளம் ஒரே நாளில் கொட்டிவிடலாம். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904ல் நடந்ததே சென்னையில்தான், அது தோற்றது. பிறகு டால்மியாபுரம், தாழையூத்து என்று ஆலைகள் வந்தன. ஆனாலும் ரொம்ப நாள் சிமெண்ட் கட்டுப்பாட்டுப் பொருள், பெர்மிட் இருந்தால்தான் மூட்டை. 1982ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989ல் முழுவதும் போயிற்று. ஊருக்கு ஊர் கம்பி கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். தச்சனின் வேலை கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடிப்பதாக ஆனது. தளம் இறுகியதும் அந்தப் பலகையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். அழியாத கூரை செய்தவனின் பேரன், பிரித்துப் போடுவதற்கென்றே ஒரு கூரை செய்கிறான்!

மறுபக்கம் மரமும் சுருங்கியது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அனுமதி இல்லாமல் காட்டு மரம் வெட்டுவதை நிறுத்தியது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மரும் முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. காட்டுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. அந்த 23 கன அடியைக் காட்டிடம் கேட்பதற்கு இன்று யாருக்கும் முகமில்லை.

அப்படியானால் குறைந்த மரத்தில் மச்சு செய்ய முடியாதா? காஷ்மீரில் செய்தார்கள். கதம்பந்த் என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் சையத் அலி ஹமதானியோடு பாரசீகத்திலிருந்து வந்தது என்று ஒரு கூற்று, 16ஆம் நூற்றாண்டில் மிர்சா ஹைதர் துக்ளத் காலத்தில் வந்தது என்று இன்னொன்று. தேவதாரு போன்ற மரத்தைக் கைக்கு அடக்கமான சின்னச் சின்னப் பலகோணத் துண்டுகளாக வெட்டி, இரு பக்கமும் பள்ளம் எடுத்த சன்னச் சட்டங்களில் செருகிச் செருகி மேல்தட்டு முழுவதையும் நட்சத்திரக் கோலமாக ஆக்கிவிடுவார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. பனிக்கும் வெயிலுக்கும் ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பத்மநாபபுரத்துச் சட்டமும் பலகையும் எந்தத் தத்துவமோ அதேதான். வடிவங்களின் எண்ணிக்கை நூற்றுக்கு மேல் என்கிறார்கள். ஸ்ரீநகர் நக்ஷ்பந்த் சாகிப் தர்கா முதல் தால் ஏரிப் படகு வீடுகள் வரை பார்க்கலாம். வீடு மாறும்போது மச்சைக் கழற்றி எடுத்துப் போய்ப் புது வீட்டில் மாட்டிக் கொள்ளலாம் என்பது இதில் இன்னொரு வசதி!

அதுவும் ஒருசில குடும்பங்களின் தொழிலாகவே வந்தது. சபா கதல் பகுதி இதற்குப் பேர் பெற்றது. இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. துண்டுகளை இயந்திரத்தில் வெட்டுவதும் வந்துவிட்டது. இயந்திரம் வந்தால் கலை செத்தது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் பாதிதான் சரி. காஷ்மீரில் இன்று புது வீட்டுக்காரர் ஒருவர் கதம்பந்த் வேண்டும் என்று கேட்கிறார் என்றால், அதற்குக் கட்டுப்படியாகும் விலையும் ஒரு காரணம். நம்மூரில் கேட்பதற்கே ஆள் இல்லை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021லும் குறியீடு கிடைத்தது. இரண்டும் சிற்பத்துக்கு, மச்சுக்கு அல்ல.

கடைசியாக, பலரும் தொடத் தயங்கும் கேள்வி. தொழில் குடும்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டுமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி, 1954ல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. எழுபது வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 17ல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர் உட்பட 18 தொழில்கள், முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன், 5 சதவிகித வட்டி. குடும்பவழித் தொழிலாக இருக்க வேண்டும், வயது 18 ஆக இருந்தால் போதும். 18 வயதில் ஒரு பையன் கல்லூரிக்குப் போக வேண்டுமா, அப்பனின் உளியை எடுக்க வேண்டுமா என்று கேட்டு, குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. பதிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று ஒன்றை 2025 ஏப்ரலில் தொடங்கியது. தொடங்கிய இடம் காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர்! அதில் 25 தொழில்கள், வயது 35க்கு மேல், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை.

இரண்டு பக்கமும் சொல்ல ஏதோ இருக்கிறது. பலகையைத் தட்டிப் பார்த்து இடைவெளி சொல்லும் அறிவு 35 வயதில் தொடங்கினால் வருமா என்பது நியாயமான சந்தேகம். ஆனால் கரூர்க் கல்வெட்டைப் படித்தவர்கள், இன்ன வீட்டில் பிறந்தவன்தான் இதைச் செய்ய வேண்டும் என்ற விதியை மறுபடி எழுத ஒப்புக்கொள்வது கஷ்டம். மாமல்லபுரத்தில் 1957ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் விண்ணப்பம் போட்டுத்தான் சேர்கிறார்கள், காணி நிலம் காட்டி அல்ல.

ஜப்பானில் கொங்கோ குமி என்று ஒரு கம்பெனி. கி.பி. 578ல் ஒசாகாவில் கோயில் கட்டத் தொடங்கிய தச்சர் குடும்பம். 1,400 வருடத்துக்கு மேல் தொழில் நடத்தியது. எப்படி முடிந்தது? மகனுக்குத் திறமை இல்லை என்றால் திறமையான ஒருவனைப் பெண்ணுக்குக் கட்டிவைத்து, அவனுக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்துத் தலைவனாக்கிவிடுவார்கள். ரத்தத்தைவிடக் கோல் பிடிக்கும் கைதான் அங்கே பெரிது. அப்படிப்பட்ட கம்பெனியும் 2006ல் வேறொரு கட்டுமானக் குழுமத்தின் கைக்குப் போனது. தச்சு வேலையில் தோற்று அல்ல. நிலத்தின் விலை ஏறிய காலத்தில் வாங்கிப் போட்ட கடனை அடைக்க முடியாமல்!

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். பிரித்த வீடுகளின் தூண், நிலை, கதவு, விட்டம் எல்லாம் அங்கே வந்து சேரும். வெளியூரில் ஹோட்டல் கட்டுபவர்களும் பங்களா கட்டுபவர்களும் வந்து பேரம் பேசி வாங்கிப் போவார்கள். நூறு வருடம் உலர்ந்த பர்மாத் தேக்கு இனி உப்பவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தச்சர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழைய சட்டத்தின் உள்விளிம்பில் விரலை விட்டுப் பார்த்தால், பலகை அசைவதற்காக யாரோ விட்டு வைத்த பள்ளம் அப்படியே இருக்கும்.